காற்று இறக்கிய பாட்டு

பிப்ரவரி 9

அன்புள்ள சிட்டுவுக்கு,

உன் அத்தான் எழுதுவது. நானே எழுதுவது. மாடிவீட்டுத் தையற்காரர் எழுதித் தரவில்லை, டீச்சர் கையைப் பிடிக்கவில்லை. இந்தக் கோணல் எல்லாம் என் சொந்தக் கோணல். நான் சுகம். மழை வருவதை முழங்கால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, மற்றபடி குறை இல்லை. ஹோட்டல் சலவை வேலையில் உன் கை எரிச்சல் எப்படி இருக்கிறது? உன் மகன் சுகமா?

மாலை வகுப்பில் என்னைவிட வயதானவர் ஒருவர்தான். அவரும் பாதி நேரம் தூங்குகிறார். எழுத்துக் கூட்ட வந்ததும் நான் முதலில் படிக்கப் போனது எங்கள் பழைய டயர் கடையை. என் தலைக்கு மேலேயே காலமெல்லாம் தொங்கிய பலகையில் ‘இங்கே புகை பிடிக்காதீர்’ என்று இருக்கிறது. அதன் அடியில் நின்றுதான் பிடித்தேன். முதலாளி ஏன் என்னை அப்படி முறைத்தார் என்று இப்போதுதான் தெரிகிறது. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் இந்தக் கடிதம் சந்தோஷத்தில் எழுதுவது அல்ல.

உன் மகன் போனில் பாட்டுப் போடுகிற பக்கத்தை நேற்று நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘பழைய ராக் பாடல்கள், இயற்கைச் சுருதியில். மூட்டுவலி, தூக்கமின்மைக்கு.’ அந்த வரிசையில் உன் அக்கா பாட்டு இருக்கிறது. நம் பேண்டில் நாம் கம்பி என்று கூப்பிடுகிறவன் கிட்டார் வாசிக்க, டமாரம் என்கிறவன் டிரம்ஸ் அடிக்க, அவள் பாடினாளே, அந்த ஒரே பாட்டு. அவன் இங்கே வந்திருந்தபோது, கேசட்டில் இருந்ததை என் போனில் ஏற்றிக் கொடு என்றுதான் அவனிடம் கொடுத்தேன். அவள் கண்மூடிய நாள் முதல் தினமும் சவரம் செய்யும்போது அதைத்தான் கேட்கிறேன். அவள் குரல் என்று உலகத்தில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

அதை அவன் இறக்கி வைத்திருக்கிறான். சுருதியை இறக்கிவிட்டான். அது உன் அக்கா இல்லை. யாரோ ஒருத்தி. எடுக்கச் சொல். என் பெண்டாட்டி என்ன வெந்நீர் ஒத்தடமா?

போன் பண்ணாதே. எழுது. வருவதைப் படிக்க நான் இருக்கிறேன்.

ஆசீர்வாதத்துடன்,
அத்தான்

---

பிப்ரவரி 27

அன்புள்ள அத்தானுக்கு,

சிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் சுகம். உங்கள் கடிதத்தைச் சலவை அறைக்கே எடுத்துப் போய் எல்லோரிடமும் காட்டினேன். “எங்க அத்தான் எழுதினது” என்றால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “போன வருஷம் வரைக்கும் கைநாட்டு” என்று சொன்ன பிறகு இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். அக்கா இருந்திருந்தால் சட்டம் போட்டு மாட்டியிருப்பாள்.

கை பரவாயில்லை. படுக்கை விரிப்புகளை நீராவி மேடையில் போட்டு அழுத்தும்போது ஒரு நேரம் இல்லாவிட்டால் ஒரு நேரம் சுட்டுக்கொள்கிறேன். புதிதாக வந்த மேற்பார்வைக்காரி நல்லவள். களிம்பு வாங்கி வைத்திருக்கிறாள்.

முழங்காலுக்குப் பயிற்சி செய்யுங்கள். மகன் சொல்லச் சொன்னான். அவன் பிசியோதெரபி அறைக்கு இப்போது நிறையப் பேர் வருகிறார்களாம்.

பாட்டு விஷயத்தை அவனிடம் சொன்னேன். யாருக்கும் வித்தியாசமே தெரியாது என்கிறான். பார்க்கலாம்.

குளிர் காற்றில் வெளியே நிற்காதீர்கள்.

அன்புடன்,
சிட்டு

---

மார்ச் 6

அன்புள்ள சிட்டுவுக்கு,

கடிதத்தைப் படித்து முடித்தேன். யாரையும் கேட்காமல் படித்தேன். ‘மேற்பார்வைக்காரி’ மட்டும் கொஞ்சம் தண்ணி காட்டியது. நான் சுகம், நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

கடிதம் முழுக்கத் தேடினேன். நீ அந்தப் பாட்டைக் கேட்டாயா இல்லையா என்று ஒரு வார்த்தை இல்லை. ‘பார்க்கலாம்’ என்று எழுதியிருக்கிறாய். என்ன பார்ப்பது? அது கேட்கிற விஷயம்.

வித்தியாசம் தெரியாதாமா? நான் அவன் போட்டிருக்கிற மற்ற ராக் பாட்டுகளையும் உட்கார்ந்து கேட்டேன். எல்லாம் நான் பேண்டு வேனை ஓட்ட, நாம் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு போன பாட்டுகள். கிட்டார் கீறிக்கொண்டு வர வேண்டிய இடத்தில் மெத்தையில் உட்கார்ந்த மாதிரி வருகிறது. கத்துகிறவன் தொண்டை கிழியக் கத்தினால்தானே அது கத்தல்? இவன் கையில் அவன் கொட்டாவி விடுகிறான். நான் டயர் பார்த்தவன். காற்று கொஞ்சம் குறைந்தால் வண்டிக்காரன் “ஓடுது இல்ல, விடுங்க” என்பான். ஓடும். ஆனால் வளைவில் திருப்பும்போது தெரியும், அது டயர் இல்லை, சதை என்று. அதுபோல இருக்கிறது.

டீச்சரிடம் இரண்டையும் போட்டுக் காட்டினேன். “ரெண்டும் நல்லா இருக்கு ஐயா” என்றார். தையற்காரர் தலையை ஆட்டி ரசித்துவிட்டு, “எது எது?” என்று கேட்டார். டமாரத்துக்குப் போன் போட்டேன். “என்னது? என்னது?” என்றான். வாழ்நாள் முழுக்க டிரம்ஸ் அடித்தவன் காதில் இனி யார் போய் என்ன சொல்வது?

யாருக்கும் தெரியவில்லை என்பதற்காக இல்லாமல் போய்விடுமா? உனக்குத் தெரியும். நீ அவளோடு பிறந்தவள். கேட்டுவிட்டு எழுது.

அத்தான்

---

மார்ச் 20

மரியாதைக்குரிய பெரியப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் உடல்நலம் அறிய ஆவல். போனை எடுக்கமாட்டேன் என்று நீங்கள் பிடிவாதமாக இருப்பதாக அம்மா சொன்னதால் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது.

நான் பெரியம்மாவை அவமதிக்கவில்லை. வாத்தியங்களைச் சுருதி சேர்க்க ஒரு சுரத்தை அளவாக வைத்திருக்கிறார்கள். அது நொடிக்கு நானூற்று நாற்பது தடவை அதிரும். அதை நானூற்று முப்பத்திரண்டாகக் குறைத்தால் உடம்புக்கு இதமாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அதுதான் இயற்கையான சுருதி என்கிறார்கள். நானும் என் சிகிச்சை அறையில் போட்டுப் பார்த்தேன். பழைய ராக் பாட்டு என்றால் வயதானவர்களுக்கு உற்சாகம், சுருதி குறைந்தால் நிதானம். இரண்டும் சேர்ந்து வேலை செய்கிறது. தோள்பட்டை இறுகிப்போன ஒரு தபால்காரர் பெரியம்மா பாட்டில்தான் முதல்முறையாகக் கையைத் தலைக்கு மேல் தூக்கினார். “யாருங்க இந்தம்மா?” என்று கேட்டார். எங்கள் பெரியம்மா என்று பெருமையாகச் சொன்னேன்.

வேகம், குரல், எல்லாம் ஒரு துளிதான் மாறுகிறது. நீங்கள் நினைப்பதுபோல வேறு ஆள் ஆகிவிடவில்லை.

அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். அவருக்கும் கோபமோ என்னவோ.

தினமும் காலை நீட்டி மடக்குங்கள் பெரியப்பா.

அன்புள்ள மகன்

---

மார்ச் 30

அன்புள்ள சிட்டுவுக்கு,

சுகம். கோபமாக இருக்கிறேன், அதனால் உடம்பு நன்றாகவே இருக்கிறது.

உன் மகன் எழுதினான். நல்ல கையெழுத்து. விஷயம்தான் மோசம். இயற்கைச் சுருதியாம்! எந்த மரத்தில் காய்த்தது? எந்த மலையிலிருந்து இறங்கியது? கடவுள் மனுஷனைப் படைத்துவிட்டு முதுகில் எண் ஒட்டி அனுப்பினாரா? தபால்காரர் கை தூக்கினாராம். அந்தத் தபால்காரர் மேடைக்குக் கீழே வந்து அவள் பாடியதைக் கேட்டிருந்தால் இரண்டு கையையும் தூக்கியிருப்பார், நாற்காலி மேலேயும் ஏறியிருப்பார். அவள் பாடினால் மண்டபத்தில் கண்ணாடித் தம்ளர்கள் நடுங்கும். அவள் பாட்டைக் கேட்டு யாராவது நிதானம் ஆனால் அவளுக்கு அன்றைக்குத் தூக்கம் வராது.

அதோடு, நீ அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போனாயாமே. அப்படியென்றால் கேட்டிருக்கிறாய். கேட்டுவிட்டு எனக்கு எழுதாமல் இருக்கிறாய்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், வேறு யாருக்கும் சொல்லவில்லை. அந்த இறக்கின பாட்டைச் சண்டை போடுவதற்காகவே பலமுறை போட்டுக் கேட்டுவிட்டேன். நேற்று சவரம் செய்யும்போது என் பாட்டைப் போட்டேன். பாதியில் எனக்கே சந்தேகம், இது எது என்று. பயந்துவிட்டேன் சிட்டு. அந்த அந்நியக்காரி வந்து இவளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டால் நான் யாரிடம் போய்க் கேட்பது? அவள் முகத்துக்குப் படம் இருக்கிறது. குரலுக்கு இது ஒன்றுதானே.

ஆமாம் அல்லது இல்லை. அது உன் அக்கா குரலா? ஒரு வார்த்தை போதும்.

அத்தான்

---

மே 11

அன்புள்ள அத்தானுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. மன்னிக்கவும். இங்கே வெயில் தொடங்கிவிட்டது. சலவை அறையில் மின்விசிறி சூட்டைத்தான் சுற்றி விடுகிறது. இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள், அவர்கள் மேடையையும் நான்தான் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்தால் பேனா பிடிக்கக் கை வருவதில்லை.

மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அந்தப் பாட்டை எடுத்துவிட்டான். இனி அது எங்கேயும் கிடையாது. அவன் அறையிலும் போடமாட்டான். என் போனில் மட்டும் ஒன்றை விட்டுவைக்கச் சொன்னேன்.

நீங்கள் கேட்ட மற்றதை மட்டும் கேட்காதீர்கள் அத்தான். உங்கள் பாட்டை நீங்கள் கேளுங்கள். அது போதும்.

கண்ணுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா? படிக்க ஆரம்பித்திருக்கிறீர்கள், கண்ணாடி வேண்டியிருக்கும்.

அன்புடன்,
சிட்டு

---

மே 18

அன்புள்ள சிட்டுவுக்கு,

கண்ணாடி போட்டாகிவிட்டது. எழுத்தெல்லாம் குளித்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறது. நான் சுகம்.

பாட்டை எடுத்துவிட்டான் என்று படித்ததும் எழுந்து நின்றேன். வென்றுவிட்டேன் என்று தையற்காரருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். டீ ஆறுவதற்குள் எனக்கு உறைத்தது. உன் போனில் ஒன்றை விட்டுவைத்தாய். ஏன்?

அது உன் அக்கா இல்லை என்றால் உனக்கு அது எதற்கு? அந்நியக்காரி பாட்டை யாராவது பத்திரம் பண்ணுவார்களா?

எனக்கு எழுத வராத காலத்தில் நீங்கள் அக்காளும் தங்கையும் கடிதத்தில் என்னென்னவோ எழுதிக்கொள்வீர்கள். அவள் எனக்குப் படித்துக் காட்டும்போது நடுவில் இரண்டு வரி விழுங்கிவிட்டுச் சிரிப்பாள். “என்னடி அது?” என்றால், “ஒன்றுமில்லை, பொம்பளைங்க விஷயம்” என்பாள். அப்போது எனக்கு வேறு வழி இல்லை. இப்போது நான் படிப்பவன். என்னிடம் வரியை விழுங்காதே.

உண்மையை எழுது. தாங்கிக்கொள்கிறேனா என்பது என் பாடு.

அத்தான்

---

ஜூன் 2

அன்புள்ள அத்தானுக்கு,

வற்புறுத்திக் கேட்டீர்கள். எழுதுகிறேன்.

மகன் அதைப் போட்டபோது நான் சமையல் செய்துகொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் அக்கா பாடினாள். அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அதுதான் அவள் அத்தான். முழுக்க இல்லை, இன்னும் கொஞ்சம் கீழே போக வேண்டும். ஆனால் அவள்தான்.

அப்புறம் உங்களுடைய பாட்டையும் போடச் சொன்னேன். அதுவரை நான் அதைக் கேட்டதில்லை. நான் இங்கே வந்த பிறகுதானே நீங்கள் கேசட்டைத் தேடி எடுத்தீர்கள். அது அக்காவைப்போல யாரோ வேடிக்கை காட்டுகிற மாதிரி இருந்தது. சின்னப் பெண் குரல்.

பதிவு செய்த அன்று கேரேஜில் நானும் இருந்தேன். கரண்ட் இல்லை. கிட்டார், டிரம்ஸ் எல்லாம் ஒலிபெருக்கிப் பெட்டி இல்லாமல் வெறுமனே வாசித்தார்கள், ரெக்கார்டரை பாட்டரியில் ஓட்டினீர்கள். பாட்டரி செத்துக்கொண்டிருந்திருக்கும் என்கிறான் மகன். பதிவாகும்போது நாடா மெதுவாக ஓடினால், பிற்பாடு போடும்போது பாட்டு வேகமாகவும் உயரமாகவும் வருமாம். அவன் எதற்கோ இறக்கினான், அது அவள் பக்கமாகப் போய்விட்டது. அவனுக்கும் தெரியாது.

அக்கா குரல் கனம், அத்தான். போனை எடுத்து “யாரு?” என்றால் எதிரில் இருப்பவர்கள் “சார்” என்பார்கள். அவள் “சார் வெளியே போயிருக்கார், நான் மேடம்” என்பாள். மறந்துவிட்டீர்களா?

நீங்கள் தினமும் கேட்டீர்கள். என்னிடம் கேட்க எதுவும் இல்லை. அதனால்தான் அவள் குரல் எனக்கு அப்படியே இருந்திருக்கிறது. இதை எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிட்டு

---

ஜூலை 15

அத்தானுக்கு,

சுகமா இல்லையா என்று தெரியாமலே எழுதுகிறேன். ஜூன் முழுக்கப் போயிற்று. போன் போட்டால் மணி அடிக்கிறது, எடுப்பதில்லை. தையற்காரருக்குப் போட்டேன். “அண்ணன் நல்லாத்தான் இருக்கார், நாலு நாளா தாடி வளர்க்கிறார்” என்கிறார். உயிரோடு இருக்கிறீர்கள் என்று அடுத்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கோபம் என்றால் கோபம் என்று எழுதுங்கள். உண்மையை எழுது என்று என்னைப் பிடித்து உலுக்கியது யார்? நானா வந்து சொன்னேன்? வாயை மூடிக்கொண்டுதானே இருந்தேன். சொன்னால் ஒரு குற்றம், சொல்லாவிட்டால் ஒரு குற்றம். அக்கா உங்களுக்கு மட்டும் சொந்தமா? நீங்கள் அவளைக் கல்யாணம் செய்துகொண்டீர்கள். நான் அவள் இடுப்பில் உட்கார்ந்து வளர்ந்தவள். அவள் போனபோது வந்து பார்க்க எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அழக்கூட விரிப்புகளுக்கு நடுவில்தான் அழுதேன். எனக்கும் ஏதாவது மிச்சம் இருக்கட்டுமே.

பதில் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

சிட்டு

---

ஆகஸ்ட் 1

அன்புள்ள சிட்டுவுக்கு,

திட்டத்தான் உட்கார்ந்தேன். நீ எழுதியது பொய் என்று எழுதி எழுதிக் கிழித்தேன். எழுதத் தெரியாத காலத்தில் கோபம் வந்தால் ஒரு சத்தத்தோடு முடிந்துவிடும். இப்போது கோபத்துக்கும் தாள் செலவாகிறது. உடம்பு சுகம்தான். நீ அழுததைப் படித்தேன். அன்றைக்கு உனக்கு விடுப்புக் கொடுக்காதவன் நன்றாக இருக்கமாட்டான்.

நீ சொன்னதைத் தப்பு என்று நிரூபிக்க பஸ் ஏறிக் கம்பி வீட்டுக்குப் போனேன். கிட்டாரை எடுடா, என் போனில் இருக்கிற பாட்டோடு சேர்ந்து வாசி என்றேன். சுருதி சேர்த்தான், திருகினான், மறுபடி திருகினான். எங்கேயும் உட்காரவில்லை. “அண்ணே, நாங்க அந்த உயரத்துல வாசிச்சதே கிடையாது. அப்படி முறுக்கினா கம்பி தெறிச்சு மூஞ்சியில அடிக்கும்” என்றான். சரி, பாட்டு எப்படி அங்கே போச்சு என்றேன். “மொதல் தடவை நீங்க போட்டுக் காட்டினப்பவே நெனச்சேன். உங்க மூஞ்சியைப் பார்த்துட்டு எப்படிச் சொல்றது?” என்கிறான். அவன் பெண்டாட்டி சமையலறையிலிருந்து, “அக்கா குரல் இது இல்லையே, நான் சொல்லல?” என்று கத்துகிறாள்.

ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது! கட்டிக்கொண்டவன் மட்டும் முட்டாள். என் மூஞ்சியில் அப்படி என்ன எழுதியிருந்தது? அதையாவது எனக்குப் படித்துக் காட்டியிருக்கலாமே ஒருத்தர்?

யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை சிட்டு. உன்னைத் திட்டினால் நியாயம் இல்லை. உன் மகன் உளறிக்கொண்டே போய்ச் சரியான இடத்தில் மோதியிருக்கிறான், அதற்கு அவனைத் திட்டுவதா? மிச்சம் அந்தப் பாட்டரி. பாட்டரியோடு யார் சண்டை போடுவது?

“சார்” விஷயம் ஞாபகம் வந்துவிட்டது. காஸ் கம்பெனிக்காரன் அவளைக் கடைசிவரை சார் என்றுதான் கூப்பிட்டான். அவள் சொன்ன பதிலும் ஞாபகம் இருக்கிறது. அதைச் சொன்ன குரல்தான் வரவில்லை. நினைத்துப் பார்த்தால் அந்தச் சின்னப்பெண் வந்து சொல்கிறாள்.

பாட்டுக் கேட்பதை நிறுத்திவிட்டேன். தாடி அதனால்தான்.

ஒன்று செய். உன் மகனை இழுத்து உட்காரவை. அவன் எண்ணைத் தூக்கிக் குப்பையில் போடச் சொல். நீ கேட்டுக்கொண்டே இரு. அவள் வருகிற இடத்தில் நிறுத்து. எனக்குத் தெரியாது, நீதான் சொல்ல வேண்டும். இதைக் கேட்க எனக்கு எவ்வளவு எரிகிறது என்று உனக்குத் தெரியும்.

அத்தான்

---

ஆகஸ்ட் 20

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்ததும் அழுதேன், சிரித்தேன், அப்புறம் மகனைக் கூப்பிட்டேன். இங்கே எல்லோரும் சுகம்.

விடுமுறை நாளில் உட்கார்ந்தோம். கம்ப்யூட்டரில் ஒரு கோடு இருக்கிறது. அதை அவன் கீழே நகர்த்தினால் பாட்டும் கீழே போகிறது. முதலில் அவனுடைய நானூற்று முப்பத்திரண்டில் நிறுத்தினான். “இன்னும் போ” என்றேன். “அம்மா, இதுக்குக் கீழே எந்தக் கணக்கும் இல்லை” என்றான். “உங்க பெரியம்மா எந்தக் கணக்குல வந்தா? போடா” என்றேன். போய்க்கொண்டே இருந்தான். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன், அவன் முகத்தைப் பார்த்தால் தப்பாகச் சொல்லிவிடுவேன் என்று. ஒரு இடத்தில், “நில்லுடா, அது உங்க தாத்தா!” என்று கத்தினேன். அப்பா குரலே வந்துவிட்டது. கொஞ்சம் மேலே. இன்னும் ஒரு மயிரிழை. அங்கே இருந்தாள்.

மகன் அதையே இன்னொரு தடவை போட்டான். “நான் சின்ன வயசுல இவங்களைப் பார்த்து பயப்படுவேன் இல்ல?” என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன்.

உங்கள் போனுக்கு அனுப்பியிருக்கிறான். பெயர் எதுவும் வைக்கவில்லை, எண்ணும் போடவில்லை. பழையதை அழிக்கவும் இல்லை. எதைக் கேட்பது என்பது உங்கள் இஷ்டம்.

அன்புடன்,
சிட்டு

---

செப்டம்பர் 14

அன்புள்ள சிட்டுவுக்கு,

நான் சுகம். நீயும் உன் மகனும் சுகமாக இருங்கள். கை எரிச்சலுக்கு அந்தக் களிம்பை விடாதே.

உன் கடிதம் வந்த அன்றே போட்டேன். சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எனக்கு அவளைத் தெரியவில்லை. யாரோ ஒரு கனத்த பொம்பளை என் வீட்டுக்குள் வந்து பாடுகிறாள். போனை அணைத்துவிட்டு உன்னையும் உன் மகனையும் உன் தாத்தா வரைக்கும் திட்டினேன். பழையதைப் போட்டேன். அதுவும் அவள் இல்லை என்று இப்போது தெரியும். இரண்டும் இல்லாமல் நடுவீட்டில் நின்றேன். இப்படி ஒருவனை நிற்க வைப்பது என்ன நியாயம்?

பிடிவாதத்துக்காகத் தினமும் புதியதையே போட்டேன். சவரமும் ஆரம்பித்தேன். தாடியோடு அவளைக் கேட்பது மரியாதை இல்லை. பாட்டு ஓடும், நான் திட்டிக்கொண்டே வழிப்பேன். கிட்டார் மட்டும் நன்றாக இருக்கிறது, கம்பி வாசித்த மாதிரியே இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். டமாரம் எப்போதும்போல முந்துகிறான்.

பாட்டு முடிந்ததும் கேசட்டை நிறுத்துவதற்கு முன்னால் அவள் ஒன்று சொல்வாள், நீயும் கேட்டிருப்பாய். கேரேஜ் வாசலில் நின்றிருந்த என்னைப் பார்த்துச் சொன்னது. “டிரைவரே, கதவைச் சாத்துங்க, தெரு பூரா கேட்குது.” பழைய பாட்டில் அது கிளி பேசுகிற மாதிரி வரும். தினமும் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் முகம் கழுவுவேன்.

செவ்வாய்க்கிழமை சவரம் பாதியில் இருந்தது. யோசனை வேறு எங்கேயோ. வாசலில் தண்ணீர் லாரி வந்ததா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்தது. அவள் சொன்னாள்.

சிரிப்பு வரவில்லை, சிட்டு. கையில் ரேசரோடு, ஒரு கன்னத்தில் சோப்போடு விறுவிறுவென்று வாசலுக்குப் போய்விட்டேன். “இதோ, இதோ” என்று சொல்லிக்கொண்டே போனேன். போய்ப் பார்த்தால் கதவு சாத்தித்தான் இருக்கிறது. இந்த மனுஷிக்கு எதற்கெடுத்தாலும் ஒரு அதிகாரம், சாத்தின கதவைச் சாத்தச் சொல்கிறாள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

கதவைத் திறந்தேன். தெருவில் யாரும் இல்லை. மறுபடியும் சாத்தினேன்.

அத்தான்